அஞ்சு லிட்டர் கேனும் சென்னியப்பன் கிட்னியும்

போன மாசம் லேப்ல இருந்து ரெண்டு பொண்ணுக என்னைப் பாக்க வந்தாளுக. நான் ரிட்டயர் ஆன பிறகு என் நாற்காலியில உக்காந்திருக்கவளுக. அதுல ஒருத்தி, "அக்கா, இப்ப வந்திருக்க மெஷினுக்கு ரெண்டு சொட்டு ரத்தம் போதும்க்கா. கிரியாட்டினின் எவ்வளவு, கிட்னி எவ்வளவு வேலை செய்யுது, எல்லாம் அதுவே கணக்குப் போட்டு அடிச்சுக் குடுத்துருது. உங்க காலத்துல எப்படிக்கா பண்ணீங்க?"ன்னு கேட்டா. கேட்ட தோரணையப் பாத்தா, நான் என்னமோ கல்லை உரசித் தீ மூட்டுன காலத்து ஆளு மாதிரி.

"கேன் குடுத்தோம்"னேன்.

"என்ன கேன்?"

"அஞ்சு லிட்டர் கேன்."

ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டாளுக. அக்காவுக்கு மண்டை கலங்கிட்டுன்னு நெனச்சிருப்பாளுக. காபியக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாளுக. சவத்த, எழுதியே வச்சிருவோம்னு நானும் உக்காந்துட்டேன்.

என் பேரு தங்கபுஷ்பம். சொந்த ஊரு தெக்க, தேரிக்காட்டுப் பக்கம். நாகர்கோயில்ல லேப் டெக்னீஷியன் படிச்சேன். படிப்புல என்னத்தக் கத்துக்கிட்டேன்னு கேட்டா, வாய் வச்சு உறிஞ்சுற பிப்பெட்டுல ரத்தம் தொண்டைக்குள்ள போயிராம நிறுத்தக் கத்துக்கிட்டேன். வேற பெருசா ஒண்ணுமில்ல. கல்யாணம் ஆச்சு, வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை கெடச்சுது, திருப்பூருக்கு வந்து எறங்கினோம். எங்க ஊர்ச் சனத்துல பாதி ஏற்கெனவே இங்கதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா, ஊரை விட்டு வந்த நெனப்பே இருக்காது.

ராயபுரத்துல ஒரு லேப்ல சேர்ந்தேன். கீழே பனியன் துணிக்கடை, மேலே நாங்க. அங்கதான் வசந்தாமணி மேடம் இருந்தாங்க. பயோகெமிஸ்ட்ரியில பெரிய படிப்பு. ஊத்துக்குளிக்காரங்க. ஊத்துக்குளின்னதும் எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு வெண்ணெய் கேப்பாங்க. மேடத்துக்கிட்ட ரெண்டாவது தடவை கேட்டவங்க யாருமில்ல.

எங்க ஊர்ல கோவம் வந்தா "ஏட்டி"ன்னு கத்துவாங்க, கையில கெடச்சதை எறிவாங்க, அரை மணி நேரத்துல மறந்துட்டு மீன்கொழம்பு குடுத்து விடுவாங்க. மேடம் கோவம் வேற ரகம். கோவம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரணமா "தங்கபுஷ்பம்"னு கூப்பிடுவாங்க. "ஏனுங்க தங்கபுஷ்பம்"னா என்னமோ தப்பு நடந்திருக்கு. "ஏனுங்க அம்மணி"ன்னு ஆரம்பிச்சாங்களோ, கர்த்தரே காப்பாத்துன்னு சுவரோட ஒட்டிக்கணும். சேர்ந்த புதுசுல ரத்த டியூபைக் கொஞ்சம் வேகமா ஆட்டிட்டேன், ரத்தம் ஒடஞ்சு தண்ணியெல்லாம் செவந்து போச்சு. மேடம் அதைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாங்க. "ஏனுங்க அம்மணி, இந்த ரத்தம் உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணுச்சு? இப்படிப் போட்டுக் குலுக்கியிருக்கீங்களே, நீங்க ஒருக்கா டியூபுக்குள்ள எறங்கறீங்களாங்க, நான் ஆட்டறேன்"னு கேட்டாங்க. முகத்துல சிரிப்பு கூட இருந்துச்சு. நான் பாத்ரூம்ல போயி அழுதேன்.

அந்தக் காலத்துல, அதாவது ரெண்டாயிரம் பொறந்து மூணு நாலு வருசம், கிரியாட்டினின் பாக்குறதுன்னா ஒரு பூசை. முதல்ல, எவ்வளவு இருக்குன்னு நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு சரக்கை வச்சுப் பாக்கணும். அதுல சரியான எண் வந்தாத்தான் நோயாளி ரத்தத்தைத் தொடலாம். வரலையா, கெமிக்கலை மாத்து, குழாயக் கழுவு, மறுபடியும் பாரு. வெளியே பெஞ்சுல ஆளுக நெளிஞ்சுக்கிட்டு இருந்தாலும் சரி, எம்.எல்.ஏ. வந்தாலும் சரி. பிக்ரிக் ஆசிட் நல்ல மஞ்சளா இருக்கும். அதோட கொஞ்சம் காரமும் ரத்தத்துல பிரிச்ச தெளிவும் சேந்தா, மஞ்சள் மெல்ல ஆரஞ்சா மாறும். எவ்வளவு ஆரஞ்சோ அவ்வளவு கிரியாட்டினின். அந்த ஆரஞ்சை மெஷின் அளக்கும். நேரம் தப்பினா நெறம் தப்பும், அதனால அந்தச் சமயத்துல யாரும் பேசக் கூடாது, தும்மக் கூடாது. வேற ஊர்ல இதைப் புரிய வைக்க வகுப்பு எடுக்கணும். திருப்பூர்ல ஒத்தை வார்த்தை போதும், "ஷேடு பாக்குறோம்"னா கைக்குழந்தைக்கும் புரியும். ஆத்துல ஓடுற சாயத் தண்ணியப் பாத்தே அந்த சீசன்ல வெளிநாட்டுக்காரன் என்ன கலர் உடுத்தப் போறான்னு சொல்ற ஊராச்சே.

கிட்னியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிருதேன், இல்லன்னா பின்னால வர்றது வெளங்காது. கிட்னி கழிவை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே போடுதுன்னு எல்லாரும் நெனைக்காங்க. அப்படி இல்ல. அது கிறுக்குப் பிடிச்ச வீட்டுக்காரி மாதிரி, அலமாரியில இருக்கிற அத்தனையும் அள்ளி வெளியே போட்டுட்டு, வேணுங்கறதை மட்டும் ஒண்ணு ஒண்ணா எடுத்துத் திரும்ப அடுக்கும். ஒரு நாளைக்கு நூத்தம்பது லிட்டருக்கு மேல வடிகட்டி, அதுல ஒண்ணரை ரெண்டு லிட்டர் போக மிச்சத்தையெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே குடுத்துரும். இந்தக் கூத்துல அது திரும்ப எடுத்து வைக்காத பொருள்ல ஒண்ணுதான் கிரியாட்டினின். நம்ம சதை தினமும் ஏறக்குறைய ஒரே அளவுல கொட்டுற குப்பை அது. அள்ளுற ஆளு அசந்தா ரத்தத்துல சேரும். ஆனா இந்தக் கிட்னி இருக்கே, சரியான அமுக்குணி. பாதி செத்துப் போற வரைக்கும் ரத்தத்துல ஒண்ணும் காட்டிக் கொடுக்காது. அதனால, ஒரு நாள் பூரா வர்ற மூத்திரத்தைச் சேத்து, அதுல எவ்வளவு குப்பை வெளியே போயிருக்குன்னு பாத்து, ரத்தத்துல தங்கியிருக்கிறதோட வச்சு வகுத்தா, நிமிசத்துக்கு எத்தனை மில்லி சுத்தம் பண்ணுதுன்னு ஒரு எண் வரும். நூறு பக்கம் வந்தா நல்ல கிட்னி. அதுக்குத்தான் கேன்.

இப்ப சென்னியப்பன்.

வீரபாண்டிப் பக்கம் பனியன் கம்பெனி வச்சிருந்தாரு. ஒரு காலத்துல தோட்டத்துல தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தவரு, ஒத்தத் தையல் மிஷின்ல ஆரம்பிச்சு அந்த எடத்துக்கு வந்தவரு. உழைப்பாளி, அதைச் சொல்லணும். சர்க்கரை, பிரஷர், இடுப்பு வலி மூணும் இருந்துச்சு. முதல் ரெண்டையும் அவரு கண்டுக்கவே இல்ல. இடுப்பு வலிக்கு மட்டும் வைத்தியம் பண்ணிக்கிட்டாரு. என்ன வைத்தியம்? மெடிக்கல்ல போயி வலி மாத்திரை அட்டை அட்டையா வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, கடலை திங்கற மாதிரி தின்னுக்கிட்டு இருந்தாரு. அந்த மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தைச் சுருக்கும். சர்க்கரையில ஏற்கெனவே நொந்த கிட்னிக்கு அது மேல மேல அடி.

யாரோ டாக்டர் கிரியாட்டினின் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. அவரு எப்படிப் பாத்தாரு தெரியுமா? நூல் வாங்குற மாதிரி மூணு எடத்துல கொட்டேஷன் வாங்கினாரு. ஒரே காலையில மூணு லேப்ல ரத்தம் குடுத்தாரு. ஒரு லேப்ல ஒண்ணு புள்ளி ஆறு. இன்னொண்ணுல ஒண்ணு புள்ளி ஒம்பது. எங்களுது ரெண்டு புள்ளி நாலு. அடுத்த நாள் மூணு ரிப்போர்ட்டையும் மேஜை மேல விரிச்சுக்கிட்டு மேடம் முன்னால உக்காந்துட்டாரு.

"ஏனுங்க மேடம், உங்களுது மட்டும் ஜாஸ்தியா இருக்குதுங்களே. அவுங்க ஒண்ணு அறுபதுக்கே முடிச்சுக் குடுக்கறாங்க."

"முடிச்சுக் குடுக்கறதுக்கு இது நூல் இல்லீங்க."

"அது சரிங்க. நாம ரெகுலர் பார்ட்டி. கம்பெனி ஆளுக டெஸ்டு எல்லாம் உங்குளுக்குத்தான வருது. ஏதாச்சும் பாத்துப் போடுங்க."

"பாத்துத்தானுங்க போட்டிருக்குது. ரெண்டு தடவ பாத்துப் போட்டிருக்குது."

மனுசன் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாரு. ஒண்ணு புள்ளி ஆறைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, எங்க ரிப்போர்ட்டை மேஜையிலேயே விட்டுட்டுப் போயிட்டாரு. எவன் கம்மியோ அவன்கிட்ட ஆர்டர். ஊரே அப்படித்தான் பொழைக்குது, அவரை மட்டும் சொல்லி என்ன பண்ண.

அவரு விட்டாலும் அவரு சம்சாரம் விடல. சரஸ்வதிம்மா. அந்தம்மா மத்த ரெண்டு ரிப்போர்ட்டையும் தேடி எடுத்து, எங்களுதுக்கு இன்னொரு பிரதி வாங்கிக்கிட்டு, அவரைக் கோயமுத்தூருக்கு ஒரு கிட்னி டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்காங்க. டாக்டர் சீட்டோட எங்க லேப்புக்கு வந்தாங்க. கூடவே கம்பெனி மேனேஜர் கனகராஜ்.

"இப்பிடியே வலி மாத்திரை தின்னுட்டிருந்தாருன்னா ரெண்டு வருசத்துல டயாலிசிஸ்ல படுக்கோணுமுன்னு சொல்லிப்போட்டாருங்க மேடம். இப்பவே நிறுத்துனா நெம்ப நாள் ஓட்டலாமுங்களாம்" சரஸ்வதிம்மா கண்ணு கலங்கிருச்சு. "எங்கூட்டுக்காரரு கேக்க மாட்டேங்கறாருங்க. மூணு லேப்ல மூணு சொல்றாங்க, எத நம்பறதுங்கறாரு. கேன் டெஸ்டுல என்ன நெம்பர் வருதோ, அதுக்குக் கட்டுப்படறேன்னு சத்தியம் பண்ணியிருக்காருங்க. இந்த நெம்பர்தானுங்க எனக்கு எல்லாமும்."

மேடம் கேனை எடுத்து வச்சாங்க. வெள்ளைக் கேன், அஞ்சு லிட்டர், திருகு மூடி. எல்லாருக்கும் அந்தக் கேன்தான். ரெண்டு லிட்டர் போறவனுக்கும் அதுதான், சர்க்கரையில நாலு லிட்டர் போறவனுக்கும் அதுதான். எப்படிச் சேக்கணும்னு சொன்னாங்க. காலையில எந்திரிச்சதும் மொதத் தடவை போறதைக் கீழே விட்டுறணும். அதுக்கப்புறம் மறுநாள் காலை மொதத் தடவை வரைக்கும் ஒரு சொட்டு விடாம கேன்ல சேரணும்.

"இதக் கம்பெனி வேலை நாள்லயே முடிச்சரலாங்கறாரு முதலாளி. நீங்க கவலப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன்"னு சொல்லி கனகராஜ் கேனைக் கையில வாங்கிக்கிட்டாரு.

இந்தக் கனகராஜைப் பத்திச் சொல்லணும். அந்தக் கம்பெனியில தைக்கிற பிள்ளைக பாதிப் பேர் எங்க ஊர்ப் பக்கம். எங்க சர்ச்சுக்குத்தான் வருவாளுக. லைன்ல ஒருத்தி பாத்ரூமுக்கு ரெண்டாவது தடவை எந்திரிச்சா, இந்தாளு வாசல்ல நின்னு "ஏனம்மணி, மறுபடியுமா?"ன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி கேப்பாராம். அந்த வெக்கத்துக்கே பிள்ளைக தண்ணி குடிக்காம வேலை பாப்பாளுக. மூத்திரக் கடுப்புன்னு எங்க லேப்புக்கு வந்து நிப்பாளுக. அப்பேர்ப்பட்ட மனுசன் கையில முதலாளியோட மூத்திரக் கேன். ஆண்டவருக்கும் சிரிப்பாணி வரும்போல.

சொன்னபடிக்கு மறுநாளைக்கு மறுநாள் காலையில கேன் வந்துச்சு. டிரைவர் ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்தாரு. தளும்பத் தளும்ப நெறஞ்சிருந்துச்சு. மூடிக்கு மேல டேப் ஒட்டி, கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி, இந்தப் பக்கம் மேலன்னு அம்புக்குறி வேற. கப்பல் ஏறாத கொறைதான்.

அளந்தேன், கலக்கினேன், எடுத்தேன், ஆரஞ்சு பாத்தேன். சென்னியப்பன் அன்னைக்குக் குடுத்த ரத்தத்துல அதே ரெண்டு புள்ளி நாலு. கணக்குப் போட்டேன். நூத்தி இருவத்தொண்ணு. எனக்கே ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு, அந்தம்மா முகம்தான் ஞாபகம் வந்துச்சு. கவுண்டர்ல நின்ன கனகராஜ், நான் எழுதினதைத் தலைகீழா வாசிச்சிட்டாரு. சுவத்துல நார்மல் அளவு தொங்குது, அதையும் பாத்துட்டாரு. படியில எறங்கறதுக்குள்ள போன்ல, "முதலாளி, நூத்தி இருவதுக்கு மேலைங்க! நார்மலே நூறுதானுங்க, எச்சா வந்திருக்குதுங்க!"

நான் எண்ணை மேடத்துக்கிட்ட கொண்டு போனேன். மேடம் நூத்தி இருவத்தொண்ணைப் பாக்கவே இல்ல. "வெயிட்டு என்ன?"ன்னு கேட்டாங்க. எழுவது கிலோ. "கேன்ல மொத்தம் கிரியாட்டினின் எவ்வளவு?" நாலு கிராமுக்கு மேல. மேடம் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க.

"எழுவது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம், ஒண்ணரை கிராம் வரும். நாலு கிராம் வரோணும்னா அவரு உடம்புல மூணு ஆளு சதை இருக்கோணும். அவர நீங்க பாத்திருக்கீங்கல்ல, தங்கபுஷ்பம். மூணு ஆளாட்டவா இருக்காரு?"

அதுக்குள்ள கீழே கார் சத்தம்.

சென்னியப்பன் ஒரு பெரிய மைசூர்பா டப்பாவோட மேலே வந்தாரு. சர்க்கரை வியாதிக்காரர் கிட்னிக்குக் கொண்டாட்டம், மைசூர்பாவோட! பின்னாலேயே சரஸ்வதிம்மா, முகமெல்லாம் சிரிப்பு. கனகராஜும் டிரைவரும் வாசல்ல. சென்னியப்பன் சட்டைப் பையில இருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல தட்டினாரு. "அப்ப இத நிறுத்த வேண்டியதில்லீங்களே? அந்த டாக்டரு என்ற சம்சாரத்தப் போட்டுப் பயமுறுத்திப்போட்டாரு பாருங்க."

மேடம் அவரைப் பாக்கல. வாசலைப் பாத்தாங்க. "ஏனுங்க சாமி, கனகராஜ், கொஞ்சம் உள்ள வாங்க."

சாமி! ஆம்பளைகளுக்கு அதுதான் மேடத்தோட அம்மணி. நான் சுவத்துப் பக்கம் நகந்துட்டேன்.

"இந்தக் கேன்ல இருக்கறது யாரோடதுங்க?"

"முதலாளியோடதுதானுங்க."

"முழுசுமுங்களா, சாமி?"

கனகராஜ் கேனைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "முதலாளி ஒரு எடத்துல நிக்கறதில்லீங்க. டையிங் பட்டறைல ஒருக்கா, பேங்குல ஒருக்கா, எங்கியோ போயிட்டு வந்தர்றாரு. கடைசில பாத்தா கேன்ல கால்வாசி கூட இல்லீங்க. நீங்க குடுத்த கேனு அஞ்சு லிட்டரு. அப்ப ஆர்டரு அஞ்சு லிட்டருதானுங்களே? கொறவா அனுப்புனா ஷார்ட் ஷிப்மென்ட்டுன்னு திருப்பி அனுப்பிச்சிருவீங்கன்னு..."

"அதனால?"

"பீஸு பத்தலைன்னா பக்கத்து யூனிட்ல வாங்கிப் போட்டுப் பொட்டிய மூடறதில்லீங்களா. அந்த மாதிரிதானுங்க. நாங் கொஞ்சம், டிரைவரு கொஞ்சம், கட்டிங் செக்‌ஷன் பசங்க கொஞ்சம். சர்க்கரை, கிர்க்கரை இல்லாத நல்ல ஆளுகளாப் பாத்துத்தானுங்க சேத்துனேன். ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, ஷேடு மாறாம கூடப் பாத்துக்கிட்டனுங்க."

ஷேடு மேட்ச்! அந்த மனுசன் சத்தியமா அதைப் பெருமையாத்தான் சொன்னாரு. அப்புறம்தான் எங்க சர்ச்சுப் பிள்ளைக சொல்லிச் சிரிச்சாளுக. அன்னைக்கு ஒரு நாள்தான் அந்தக் கம்பெனியில மேனேஜரே ஆள் ஆளாக் கூப்பிட்டு, தண்ணி குடுத்து, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க"ன்னு பாத்ரூமுக்கு அனுப்பியிருக்காரு. அதுவும் ஆம்பளைகளை மட்டும். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்த பாக்கியமும் இல்ல.

சென்னியப்பன் கோவப்படுவாருன்னு நெனச்சேன். எங்க? தாடையைத் தடவிக்கிட்டே, "நல்ல எண்ணத்துலதானுங்க பண்ணியிருக்கான்"னாரு. குரலைத் தணிச்சு, "சரி, ஆனது ஆச்சு. எனக்கும் நல்ல நெம்பரு, உங்க லேபுக்கும் நல்ல பேரு. இந்த ரிப்போர்ட்டையே குடுத்துருங்க, இருந்துட்டுப் போவுது"ன்னாரு.

சரஸ்வதிம்மா முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. உயிரு போயிரும்னு டாக்டர் சொல்லியும், இந்தாளு பொய் ரிப்போர்ட்டுக்கு நிக்கானே, வெளங்குவானான்னு மனசுக்குள்ள வைதேன்.

மேடம் பேனாவை எடுத்தாங்க. "தாராளமாக் குடுக்கறனுங்க சாமி. பேரு மட்டும் சரியாப் போட்டுக் குடுக்கறேன். சென்னியப்பன், கனகராஜ், டிரைவரு, கட்டிங் செக்‌ஷன், உங்க எல்லாருக்கும் சேத்து கிட்னி நெம்ப நல்லாருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றனுங்க. நாளைக்கு டயாலிசிஸ்ல படுக்கறப்பவும் எல்லாருமாச் சேந்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் படுத்துக்குங்க. ஷேடு மாறாமப் பாத்துக்குங்க."



சரஸ்வதிம்மா மைசூர்பா டப்பாவை எடுத்து டிரைவர் கையில குடுத்தாங்க. மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பையில போட்டாங்க. அப்புறம் மேடத்தைப் பாத்து, "அடுத்த கேன எங்கிட்டக் குடுங்க"ன்னாங்க.

"ஞாயித்துக்கெழம பண்ணுங்க. அன்னைக்கு அவரு ஊட்ல இருக்கட்டும்."

"ஞாயித்துக்கெழம சொந்தத்துல கல்யாணமுங்களே"ன்னு சென்னியப்பன் குறுக்க விழுந்தாரு.

"போலாம். கேனும் வரும்"னாங்க அந்தம்மா.

வந்துச்சு. மஞ்சப்பையில போட்டுக் கல்யாண மண்டபத்துக்கே கொண்டு போயிட்டாங்க. சென்னியப்பன் கைகழுவுற பக்கம் நகந்தா இந்தம்மா பின்னாலேயே போயி, பையக் கையில குடுத்துட்டு, ஆம்பளைங்க பாத்ரூம் வாசல்ல காவலுக்கு நின்னிருக்காங்க. பட்டுச்சேலை, வைரத்தோடு, கையில மஞ்சப்பை. சொந்தக்காரி ஒருத்தி பையத் தொட்டுப் பாத்து, "ஏனக்கா, கனமா இருக்குது, ஊத்துக்குளி நெய்யா? எனக்குக் கொஞ்சம் ஊத்து"ன்னு கேட்டிருக்கா. "அவருக்கு மட்டுந்தான் அளவு"ன்னு சொல்லிட்டேனுங்கன்னு சரஸ்வதிம்மா எங்ககிட்டச் சொன்னப்ப மேடமே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. மேடம் மனசாரச் சிரிச்சு நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

திங்கக்கிழமை கேனை அந்தம்மாவே தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு லிட்டருக்கும் கொறவு. ஸ்டிக்கரும் இல்ல, அம்புக்குறியும் இல்ல. சென்னியப்பன் கூடவே வந்து பெஞ்சுல உக்காந்துக்கிட்டாரு. கனகராஜைக் காணோம். அன்னைக்கு மேடமே எல்லாத்தையும் பண்ணினாங்க, நான் குழாய் எடுத்துக் குடுக்குற வேலை மட்டும்தான். தெரிஞ்ச சரக்கு ரெண்டு தடவை வச்சுப் பாத்தாங்க. ரெண்டு தடவையும் சரியா வந்துச்சு. மொத்தக் கிரியாட்டினின் ஒரு கிராம் சொச்சம், எழுவது கிலோவுக்கு நேர் பொருத்தம். அதைப் பாத்ததும் மேடம் தலையாட்டினாங்க. கேன் உண்மை சொல்லுது. அப்புறம்தான் வகுத்தாங்க.

முப்பத்தி மூணு.

சென்னியப்பனைக் கூப்பிட்டு உக்கார வச்சு, எண் தெரியற மாதிரி தாளைத் திருப்பி வச்சாங்க. அவரு பாத்தாரு. பேரம் பேசுவாருன்னு நான் காத்திருந்தேன். ரெகுலர் பார்ட்டின்னு ஆரம்பிப்பாரு, வேற லேப்புக்குப் போறேன்பாரு, முப்பத்தி மூணை அம்பதாப் போடச் சொல்லுவாருன்னு நெனச்சேன். பதிலுக்கு என்ன பேசணும்னு கூட மனசுல அடுக்கி வச்சிருந்தேன்.

அவரு அந்த எண் மேல வெரலை வச்சு ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மெல்லக் கேட்டாரு.

"இது என்னுது மட்டுந்தானுங்களா?"

"ஆமாங்க"ன்னாங்க மேடம். சாமி இல்ல, கூடுதல் மரியாதை இல்ல. வெறும் ஆமாங்க. "முழுசும் உங்களுதுதான்."

ஒத்தத் தையல் மிஷின்ல இருந்து அத்தனை பெரிய கம்பெனி ஆக்கினவரு. பத்தாததுக்கெல்லாம் பக்கத்துல வாங்கிச் சேத்தே பழகினவரு. அன்னைக்கு அந்த நாற்காலியில வெறும் முப்பத்தி மூணோட உக்காந்திருந்தாரு. அத்தனை நாளும் அவரை மனசுக்குள்ள வைதுக்கிட்டிருந்த எனக்கு, அப்ப பாவமாத்தான் இருந்துச்சு. மறைச்சு என்ன ஆகப் போகுது.

மாத்திரையை நிறுத்திட்டாரு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, எல்லாரையும் வைதுக்கிட்டு, உப்பில்லாத சோத்தைத் திட்டிக்கிட்டு நடந்தாரு, ஆனா நிறுத்திட்டாரு. எண் கூடல. கிட்னியில போனது திரும்பி வராது. வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா டாக்டர் பயந்த வேகத்துல இல்ல. அந்த ரெண்டு வருசமும் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு, டயாலிசிஸ் பக்கம் அவரு போகல. கனகராஜும் வேலையில அப்படியேதான் இருந்தாரு, ஷார்ட் ஷிப்மென்ட் ஆகாம பாத்துக்கிட்டு.

நான் ரிட்டயர் ஆகுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு காலை. மேடம் அப்ப இல்ல, ஓய்வு எடுத்துக்கிட்டு ஊத்துக்குளிக்கே போயிட்டாங்க. புது மெஷின் வந்துட்டுது, கேன் கேக்குற டாக்டர் ரொம்பக் கொறஞ்சுட்டாங்க. சென்னியப்பன் மட்டும் விடல. மெஷின் கணக்குல அவருக்கு நம்பிக்கை இல்லையாம். கேனைத் தன் கையாலேயே தூக்கிக்கிட்டு, படியேறி மூச்சு வாங்க வந்தாரு. டிரைவரைத் தொட விடல. வரிசையில உக்காந்தாரு. பக்கத்துல இன்னொரு முதலாளி. கம்பெனிக்காரர்தான், அவர் கால்மாட்டுலயும் ஒரு கேன், வாய் வரைக்கும் நெறஞ்சு, மேல டேப் ஒட்டி.

சென்னியப்பன் அந்தக் கேனைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் அவர் பக்கம் சாஞ்சு, ரொம்ப மரியாதையா, எங்க மேடம் கேக்குற அதே மாதிரி கேட்டாரு.

"ஏனுங்க சாமி, முழுசும் உங்களுதுதானுங்களா?"